எழவு சொல்லி

"இந்த ஊட்ல யாராச்சும் செத்திருக்காங்களா?"

வீடு பார்க்க வந்தவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். பட்டா யார் பேரில் இருக்கிறது, போர் எத்தனை அடி, தண்ணி வருதா என்பதெல்லாம் அப்புறம்தான். 2024 தை மாசம். ஓசூரிலிருந்து கெலமங்கலம் போகிற பக்கம், எங்கள் காலனியின் கடைசி வரிசையில் இருக்கிற வீடு. ரெண்டு ரூம், முன்னால் ஷீட்டு போட்ட திண்ணை. தம்பிக்காக அம்மா வாங்கிய குழுக் கடன் வாரா வாரம் வாசலில் வந்து நின்றதால் விற்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தோம்.

புரோக்கர் முன்னாலேயே பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார். "தாத்தா வயசாயி ஆஸ்பத்திரில செத்தாருன்னு சொல்லிடுங்க. பையன் விசயத்துல மட்டும் வாயத் தெறக்காதீங்க. சொன்னா ரெண்டு லட்சம் அடிபடும்." நான் தலையாட்டியிருந்தேன். எம்.ஏ. படித்தவன், கூட்டங்களில் மைக் பிடித்துப் பேசுகிறவன், தலையாட்டியிருந்தேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அம்மா திண்ணையில் உட்கார்ந்து ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. தலையைத் தூக்காமலே சொன்னாள்: "எம் மவன் செத்தான். சின்னவன். நடு ரூம்ல. அவனாவே போயிட்டான். அஞ்சு வருசம் ஆவுது."

வந்தவர் எழுந்துவிட்டார். கொடுத்த காபியைக் குடிக்கவில்லை. குடிக்காதது சாவுக்காகவா, எங்களுக்காகவா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று ராத்திரி அம்மாவிடம் சண்டை போட்டேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னாள்: "ஊரானுக்கெல்லாம் சாவு சொல்லப் போன ஊடுடா இது. எம் புள்ள சாவ மட்டும் மறைக்கச் சொல்றியா?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய பதில்.

*

எங்க தாத்தா எழவு சொல்லி. ஊரில் பெரிய வீட்டில் ஒரு உயிர் போனால் முதலில் ஆள் வருவது சேரிக்குத்தான். பறை அடிக்க ஒருத்தன், குழி வெட்ட ஒருத்தன், சேதி கொண்டுபோக ஒருத்தன். தாத்தா சேதிக்காரர். ராத்திரியோ மழையோ, வாயில் கூழ் இருக்கிறதோ இல்லையோ, கிளம்ப வேண்டும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு சம்பந்தி வீடு, பாகலூர்ப் பக்கம் ஒரு பங்காளி வீடு, எல்லை தாண்டி ஆனேக்கல் பக்கம் பெண் கொடுத்த வீடு. எல்லாம் நடைதான். எங்கள் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும். தாத்தா பள்ளிக்கூடம் மிதித்தவர் இல்லை. ஆனால் மூன்று பாஷையிலும் சாவு சொல்லத் தெரியும்.

சொல்வதற்கு முறை உண்டு. தெருவுக்குள் போகக்கூடாது. தெருமுனையில் நின்று தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு குரல் கொடுக்க வேண்டும். செத்தவர் பேரைச் சொல்லக்கூடாது. 'இன்ன ஊரு பெரியவங்க தவறிட்டாங்க' என்று உறவு சொல்லித்தான் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் முறத்தில் கொஞ்சம் ராகி வரும். அதைத் துண்டில் ஏந்திக்கொண்டு அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். ஒரு எழவுக்கு ஏழெட்டு ஊர்.

ஆக, எந்த வீட்டில் யார் எப்போது செத்தார்கள் என்பது எங்கள் பகுதியில் யாருக்குத் தெரியும் என்றால் எங்க தாத்தாவுக்குத்தான் தெரியும். ஊரின் சாவுக் கணக்கு சேரியின் காலில் இருந்தது.

அப்பா அந்த வேலையை மறுத்தார். 1980களில் ஒரு பெரிய வீட்டுச் சாவுக்கு ஆள் வந்தபோது, "இனிமே எங்கூட்ல இருந்து யாரும் வர மாட்டோம், தபால் போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் கடையில் சாமான் கிடையாது, மாடு மேய்க்க இடம் கிடையாது. அப்பா கல் உடைக்கப் போனார். தமிழ்நாடு முழுக்கச் சேரிகளில் பறை அடிக்க மாட்டோம், குழி வெட்ட மாட்டோம் என்று மறுத்த ஆயிரமாயிரம் பேரில் எங்கப்பாவும் ஒருத்தர். அவர்கள் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சாவைச் சொல்ல மறுத்தது எங்கள் குடும்பத்தின் விடுதலை. இப்போது சாவைச் சொல்லாமல் இருப்பதற்குக் காசு தருகிறேன் என்கிறது சந்தை. இரண்டும் ஒன்றா? ஒன்றில்லை என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் புரியவில்லை.

*

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்தேன். சொத்து மாற்றுச் சட்டம் வெள்ளைக்காரன் 1882இல் போட்டது. இன்றைக்கும் அதுதான். அதன் 55ஆம் பிரிவு விற்பவன் கடமையைச் சொல்கிறது. சொத்திலோ, சொத்தின் உரிமையிலோ முக்கியமான குறை ஒன்று இருந்து, அது விற்பவனுக்குத் தெரிந்து, வாங்குபவன் சாதாரணமாக விசாரித்தால் தெரியவராது என்றால், அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி.

1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் வேறு மாதிரி பேசுகிறது. அதில் ஒரு உதாரணக் கதை உண்டு. ஒருத்தன் குதிரையை ஏலத்தில் விற்கிறான். குதிரைக்குக் கோளாறு இருப்பது அவனுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். ஆனால் வாங்குகிறவள் அப்போதுதான் பருவ வயது தாண்டிய அவன் சொந்த மகளாக இருந்தால், சொல்ல வேண்டிய கடமை உண்டு. அதாவது உறவு இருந்தால் உண்மை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கேட்கிறவன் சாமர்த்தியம்.

வீட்டில் நடந்த சாவு குறையா இல்லையா என்று இந்த இரண்டு சட்டமும் பேசவில்லை. வில்லங்கச் சான்று எடுத்தால் அடமானம் தெரியும், பாகப்பிரிவினை தெரியும், பதிவான தானமும் கிரயமும் தெரியும். சாவு தெரியாது.

வெளிநாடுகளில் இதை வழக்காடியே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஒரு பெண் 76,000 டாலருக்கு வீடு வாங்கினார். பத்து வருஷத்துக்கு முன் அந்த வீட்டில் ஒரு தாயும் நாலு குழந்தைகளும் கொலையானது பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. வீட்டின் மதிப்பு 65,000 டாலர்தான் என்று வழக்குப் போட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1983இல் வழக்கை ஏற்றது. பிறகு அந்த மாநிலம் சட்டமே போட்டுவிட்டது. சாவு நடந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டால் தானாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் வாங்குகிறவர் நேராகக் கேட்டால் பொய் சொல்லக்கூடாது. ஜப்பானில் 2021இல் அரசு நெறிமுறை வகுத்தது. முதுமையிலோ நோயிலோ செத்திருந்தால் சொல்ல வேண்டியதில்லை. கொலை, தற்கொலை என்றால், வாடகை வீட்டுக்குச் சுமார் மூன்று வருஷம் சொல்ல வேண்டும்.

மூன்று வருஷம். அதற்குள் ஒரு சாவு காலாவதியாகிவிடும் என்கிறார்கள். தம்பி போய் ஐந்து வருஷம். கலிபோர்னியாவாக இருந்தால் அம்மா பிதுக்கின பருப்பைப் பார்த்துக்கொண்டு பேசாமலே இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஊர் விதிப்படியும் அம்மா தப்பு செய்யவில்லை. வந்தவர் நேராகக் கேட்டார். அவள் நேராகச் சொன்னாள்.

*

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் சட்டமல்ல, பஞ்சாங்கம். அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி, இந்த ஐந்து நட்சத்திரத்தில் ஒருத்தர் செத்தால் 'தனிஷ்டா பஞ்சமி' என்று பேர். தனிஷ்டா என்றால் அவிட்டம். அதிலிருந்து ஐந்து என்பதால் பஞ்சமி. அந்த வீட்டை, அல்லது செத்த அறையை, ஆறு மாசம் அடைத்து வைக்க வேண்டும் என்பார்கள். வேறு சில நட்சத்திரங்களுக்கு அடைப்பு நாலு மாசம், மூன்று மாசம், ரெண்டு மாசம். பிணத்தை வாசல் வழியாகக் கொண்டுபோகாமல் சுவரை இடித்துக் கொண்டுபோன கதையெல்லாம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆறு மாசம் அடைத்து வைக்க வேண்டுமானால் இன்னொரு வீடோ இன்னொரு அறையோ வேண்டும். ஒற்றைக் குடிசைக்காரன் எதை அடைப்பான்? இந்தச் சாத்திரம் எழுதியவன் மனசில் எங்கள் வீடு இல்லை.

எங்கள் மரபில் இதற்கு வேறு பதில் இருக்கிறது. கிசாகோதமி கதை எல்லோருக்கும் தெரியும். செத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வந்தவளிடம் புத்தர், சாவே விழாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வா என்றார். அவள் வீடு வீடாகப் போனாள். கடுகு எல்லா வீட்டிலும் இருந்தது. சாவு விழாத வீடு இல்லை. வீட்டு வாசலில் நின்று 'இந்த வீட்டில் யாராவது செத்திருக்கிறார்களா' என்று அவள் கேட்டதும், எங்கள் வாசலில் அந்த மனிதர் கேட்டதும் ஒரே கேள்விதான். அவள் கேட்டுக் கேட்டு மனிதர்களோடு சேர்ந்தாள். இவர் கேட்டு விலையைக் குறைத்தார்.

எங்கள் ஜனங்களின் வரலாற்றில் சாவு விழுந்த வீடு என்றால் கீழ்வெண்மணிதான் முன்னால் வந்து நிற்கும். 1968 டிசம்பர் 25 ராத்திரி, ராமையாவின் குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள். அந்த இடம் இன்று நினைவிடம். வருஷா வருஷம் ஜனம் போகிறது. சாவு விழுந்த இடத்தை மறைக்காமல் வைத்துக்கொள்வது எப்படி என்று நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

*

இனி, குறை என்ற சொல்லுக்கு வருகிறேன். ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று கம்பெனிகள் வந்தன. மானாவாரிக் காடுகள் மனைகளாயின. கம்பெனிக்குச் சாதி கிடையாது என்று சின்ன வயசில் அப்பா சொல்வார். உள்ளே எப்படியோ, கேட்டுக்கு வெளியே உண்டு. கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்ததும் தம்பி டவுனுக்குள் ரூம் தேடினான். "நீங்க எந்த ஆளுங்க?" என்பது முதல் கேள்வி. "சைவமா?" என்பது அதையே நாசூக்காகக் கேட்பது. நாலு இடத்தில் உண்மையைச் சொன்னான், ரூம் இல்லை. ஐந்தாவது இடத்தில் வேறு சாதி சொன்னான், கிடைத்தது. மூணாவது மாசம் அம்மா பார்க்கப் போனாள். அவள் பேச்சை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யச் சொன்னார்கள்.

அம்பேத்கருக்கும் இதுதான் நடந்தது. 1917இல் பரோடாவில் உத்தியோகத்துக்குப் போனவருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பேரைச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடிகளோடு ஆட்கள் வந்து வெளியேற்றினார்கள். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்த மனிதர், ஒரு அறைக்காகத் தன் பேரை மறைக்க வேண்டியிருந்தது. சொன்னால் இடமில்லை, மறைத்தால் மோசடி. நூறு வருஷம் கழித்து என் தம்பிக்கும் அதே கணக்கு.

2018 நவம்பரில் சூடுகொண்டப்பள்ளியைச் சேர்ந்த ஒரு தலித் இளைஞனும் அவன் மணந்த சாதி இந்துப் பெண்ணும் கொல்லப்பட்டார்கள். இருவரும் ஓசூரில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தவர்கள். உடல்கள் கர்நாடகத்தில் காவிரியில் கிடைத்தன. வீட்டில் சாவு விழுந்ததா என்று கேட்கிற எவருக்கும் இந்தச் சாவு கணக்கில் வராது. எல்லை தாண்டி ஆற்றில் போட்டுவிட்டால் எந்த வீட்டுக்கும் தீட்டில்லை.

ஆக, விலை பேசும் சந்தையில் செத்தவனும் குறை, உயிரோடு இருக்கிற நாங்களும் குறை.

*

பத்திரம் எழுதப் பழைய ஆவணங்களைத் தேடியபோதுதான் உண்மையான குறை கிடைத்தது. தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு மக்கிய காகிதம். தாலுகா ஆபீசில் கிராமத்து அ-பதிவேட்டின் பழைய நகல் கேட்டு வாங்கினேன். எங்கள் சர்வே நம்பருக்கு நேராகக் குறிப்புக் கட்டத்தில் 'டி.சி. கண்டிஷன்' என்று இருந்தது. டிப்ரஸ்டு கிளாஸ். பஞ்சமி நிலம்.

பஞ்சமி நில வரலாறு இந்த இதழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. சுருக்கமாகச் சொல்கிறேன். செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். அதில் வீட்டைப் பற்றி முக்கியமான ஒன்றைச் சொல்கிறார். சேரி ஜனங்கள் குடியிருக்கும் மனைகூட மிராசுதாரன் கையில் இருக்கிறது, எதிர்த்துப் பேசினால் வீடு போய்விடும் என்பது. அடிமைத்தனத்தின் சூட்சுமம் வயலில் மட்டும் இல்லை, வீட்டு வாசலிலும் இருக்கிறது என்று கண்டுகொண்ட அறிக்கை அது. 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை 1010 வந்தது. சென்னை மாகாணம் முழுவதும் ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தரிசு நிலங்களை ஒப்படைக்க வழி பிறந்தது. மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லும் கணக்கு. நிபந்தனை இதுதான்: முதல் பத்து வருஷம் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும். மீறினால் விற்பனை செல்லாது.

எங்கள் பூட்டனுக்குக் கிடைத்தது ஒன்றே முக்கால் ஏக்கர். இப்போது எங்களிடம் இருப்பது இந்த வீடும் வாசலும். மீதி எங்கே என்றால், ஒரு பஞ்சத்து வருஷத்தில் நாலு மூட்டை ராகிக்குப் பெரிய வீட்டுக்காரர் காகிதத்தில் கைநாட்டு வாங்கினார் என்பது அம்மா கேட்டு வளர்ந்த கதை. அந்த நிலத்தில்தான் இன்று ஒரு 'நகர்' இருக்கிறது. ஆர்ச்சு வைத்து, பூங்கா வைத்து, சதுர அடி விலை எழுதிய போர்டு வைத்து.

நிபந்தனை எப்படி மறைந்தது? 1980இல் பரம்பரைக் கர்ணம் முறை ஒழிந்தது. 1980களில் யு.டி.ஆர். என்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யார் கையில் நிலம் இருக்கிறதோ அவர் பேரில் பட்டா ஏறியது. குறிப்புக் கட்டத்தில் இருந்த நிபந்தனை பல ஊர்களில் புதுப் பதிவேட்டுக்கு வரவே இல்லை. எங்கள் சர்வே நம்பரிலும் அப்படித்தான். பழைய பதிவேட்டில் இருக்கிறது, புதியதில் இல்லை. அதோடு எங்கள் பகுதிக்கு இன்னொரு கஷ்டம். 1965 வரை சேலம் ஜில்லா, பிறகு தருமபுரி, 2004 முதல் கிருஷ்ணகிரி. ஒரு காகிதம் தேட மூன்று மாவட்டத்தின் பேரைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படி மறைந்ததைத் திருப்பிக் கேட்டபோது என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் விட்டார்கள். பஞ்சமி நிலத்தின் மேல் எழும்பிய எந்த மனைப் பத்திரத்திலும் இந்தச் சாவுகள் சொல்லப்படுவதில்லை.

எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் பஸ்ஸில் போனால் ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி. அங்கே நிலைமை வேறு. தேவராஜ் அர்ஸ் முதலமைச்சராக இருந்தபோது கர்நாடகம் பி.டி.சி.எல். என்று ஒரு தனிச் சட்டமே போட்டது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அரசு கொடுத்த நிலத்தை நிபந்தனை மீறி வாங்கியிருந்தால், சட்டம் வருவதற்கு முன்னால் நடந்த விற்பனையாக இருந்தாலும் செல்லாது. நிலத்தை மீட்டு உரியவருக்கோ வாரிசுக்கோ கொடுக்க வேண்டும். 1984இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றது. 2017இல் அதே உச்ச நீதிமன்றம், ரொம்பக் காலம் கழித்து வந்து கேட்கக்கூடாது, நியாயமான காலத்துக்குள் கேட்க வேண்டும் என்று சொன்னது. 2023இல் கர்நாடகம் சட்டத்தைத் திருத்தி, இதற்குக் காலவரையே கிடையாது என்று எழுதிவிட்டது.

சாவுக்கு மூன்று வருஷக் காலவரை. பறித்த நிலத்துக்குக் காலவரை இல்லை. ஒரு செக்போஸ்ட்டைத் தாண்டினால் இப்படி ஒரு சட்டம் இருக்கிறது. இந்தப் பக்கம் நாம் இன்னும் 1892ஆம் வருஷத்து அரசாணையைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக ஏறிக்கொண்டிருக்கிறோம்.

*

பத்து நாள் கழித்து முதலில் வந்தவரே திரும்பி வந்தார். தம்பி செத்த தேதியைப் புரோக்கரிடம் வாங்கி நட்சத்திரம் பார்த்திருக்கிறார். அடைப்பு இல்லையாம். பரிகாரம் பண்ணிக்கொள்கிறேன், ரெண்டு லட்சம் குறைத்துக்கொடுங்கள் என்றார்.

நான் அ-பதிவேட்டு நகலை எடுத்துக் காட்டினேன். "சார், இது டி.சி. நிலம். எங்க ஆளுங்களத் தவிர வேற யாருக்கு வித்தாலும் செல்லாது. நீங்க வாங்கினா நாளைக்கு உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றேன்.

அவர் சிரித்தார். "அதெல்லாம் நீங்க கவலப்படாதீங்க. இந்தப் பக்கம் பாதி லேஅவுட்டு அப்டித்தான். புதுப் பதிவேட்டுல இல்ல இல்ல? ரெஜிஸ்டர் ஆவுமில்ல? அது போதும்."

சாவைக் கேட்டதும் காபியைக் குடிக்காமல் எழுந்து போன மனிதர். அதற்கு ரெண்டு லட்சம் குறைத்தவர். நிலம் பறிபோன வரலாற்றுக்கு ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. சட்டம் 'உரிமையில் உள்ள குறை' என்று சொல்வது இதைத்தான். இதைச் சொல்லாமல் விட்டால்தான் மோசடி. ஆனால் சந்தைக்கு இது குறையே இல்லை. பஞ்சமி என்றால் அவருக்கு நட்சத்திரம்தான்.

நான் வாசலைக் காட்டினேன் என்று எழுத ஆசைதான். காட்டவில்லை. கடன்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். அம்மா முகத்தைப் பார்த்தேன். "நம்ம பூட்டன் வாங்குனத நம்மளே தொலைக்கிறதா? ஆவாது போப்பா" என்று அவரிடம் அம்மாதான் சொன்னாள்.

ஆறு மாசம் வீடு விலை போகவில்லை. கடைசியில் நம் ஜனத்திலேயே ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். ரெண்டு பேரும் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவர்கள். டவுனில் ரூம் கேட்டு அலைந்து சலித்தவர்கள். முதலில் சொன்ன விலையில் நாங்களே குறைத்தோம். அம்மா அந்தப் பெண்ணை நடு ரூமுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கேட்டாள்: "பையன் பேரு என்னாங்க அக்கா?"

தேதி கேட்டார்கள், நட்சத்திரம் கேட்டார்கள், எப்படி என்று கேட்டார்கள். அவன் பேரை வீடு பார்க்க வந்தவர்களில் அவள்தான் கேட்டாள். அம்மா சொன்னாள். தெருமுனையில் நின்று பேர் சொல்லாமல் எழவு சொன்ன தாத்தாவை அப்போது நினைத்துக்கொண்டேன்.

கிரயப் பத்திரத்தில் நிபந்தனையைச் சேர்க்கச் சொன்னபோது பத்திர எழுத்தர் தயங்கினார். "இதெல்லாம் எழுதறதில்லிங்க. நாளைக்கி அவங்க வேற ஆளுக்கு விக்க முடியாம போயிடும்." அதற்காகத்தான் எழுதச் சொல்கிறோம் என்றேன். எழுதினார். நிலம் எந்த ஆணையின் கீழ் யாருக்கு வந்தது, யாருக்கு மட்டும் போகலாம் என்று நாலு வரி. புதுப் பதிவேட்டில் விழுந்துபோன குறிப்பு இப்போது வில்லங்கம் பார்க்கிறவன் கண்ணில் படுகிற பத்திரத்தில் இருக்கிறது.

தோழர்கள் அவரவர் ஊரில் ஒன்று செய்ய வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் கையில் இருக்கிறது. யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். குறிப்புக் கட்டத்தைப் புதியதோடு வைத்துப் பாருங்கள். எங்கே விழுந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விற்க நேர்ந்தால் நம் ஜனத்துக்கே விற்று, நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதுங்கள். அதோடு, அந்த நிலத்துக்காக யாராவது செத்திருந்தால் பேரைக் கேட்டு வையுங்கள்.

'நகர்' ஆகிப்போன மீதி நிலத்துக்கு நானும் மனு போட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. பழைய வீட்டு வழியாகப் போகும்போது பார்ப்பேன். நடு ரூமில் அவர்கள் தையல் மிஷின் போட்டிருக்கிறார்கள். ஜன்னல் திறந்திருக்கிறது.